ஸ்லைடு ஃபிலிமில் வெயிலை அளப்பது எப்படி: சேலம், ஏற்காட்டில் படம் பிடிப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்லைடு ரோல் கெடுவது பெரும்பாலும் இருட்டால் இல்லை, வெளிச்சத்தால். கலர் நெகட்டிவில் கை பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். நெகட்டிவில் ஒன்றிரண்டு ஸ்டாப் (வெளிச்சம் ஒரு தரம் இரட்டிப்பானாலோ பாதியானாலோ அது ஒரு ஸ்டாப்) ஓவர் போனாலும், அதாவது வெளிச்சம் கூடிப்போனாலும், பிரிண்ட் போடும்போது இறக்கிக்கொள்ளலாம். ஸ்லைடில் அந்த இரண்டாவது வாய்ப்பே கிடையாது. கேமராவுக்குள் ஓடிய அதே ஃபிலிம்தான் டெவலப் ஆகி, துண்டு துண்டாகி, மவுண்டுக்குள் உட்கார்ந்து புரொஜெக்டருக்குப் போகிறது. அதிரசப் பாகு மாதிரி: பதம் தவறி மாவைக் கொட்டிவிட்டால் அப்புறம் ஒன்றும் செய்வதற்கில்லை.

சேலத்துக்காரர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. இந்த ஊரைச் சுற்றி வெள்ளைப் பொருள் அதிகம். சேகோ ஃபேக்டரி களத்தில் காயும் ஜவ்வரிசி, மலையடிவாரத்து வெள்ளைக்கல் சுரங்கக் குவியல்கள், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசு, மேலே ஏறினால் பனிமூட்டம். எல்லாமே வெளிச்சத்தை அளக்கும் மீட்டரை ஏமாற்றுகிற சரக்கு. அதே மலையில் காப்பித் தோட்டத்துக்குள் நுழைந்தால் பட்டப்பகலிலும் இருட்டு. இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே ஸ்லைடு ஃபிலிமைச் சரியாக நிறுத்துவதைப் படிப்படியாகப் பார்ப்போம். மேனுவலாக ஷட்டரும் (வெளிச்சம் விழும் நேரம்) அப்பர்ச்சரும் (லென்ஸின் திறப்பு; எஃப் எண் கூடினால் திறப்பு சிறியது) வைக்க முடிகிற எந்தக் கேமராவும் போதும். வெல்வியா 50, புரோவியா 100எஃப், எக்டாக்ரோம் ஈ100 ஆகிய மூன்று ஸ்லைடு ஃபிலிம்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதல் படி: பெட்டி மேல் இருக்கும் எண்ணைப் படியுங்கள்

100/21° என்று போட்டிருக்கும். முதல் எண் பழைய ஏஎஸ்ஏ கணக்கு, இரண்டாவது ஜெர்மன்காரர்களின் டின் கணக்கு. இரண்டையும் சேர்த்து எழுதினால் ஐஎஸ்ஓ. முதல் எண் இரட்டிப்பானால் ஃபிலிமின் வேகம் ஒரு ஸ்டாப் கூடுகிறது. டிகிரிக் கணக்கில் 3 கூடினால் ஒரு ஸ்டாப். 50 என்பது 18°, 64 என்பது 19°, 80 என்பது 20°, 100 என்பது 21°. ஆக ஒரு டிகிரி என்றால் மூன்றில் ஒரு ஸ்டாப். பழைய ஜெர்மன் கேமரா வைத்திருப்பவர்கள் அந்த டிகிரி டயலை ஒதுக்க வேண்டாம். ஸ்லைடில் நாம் முழு ஸ்டாப்பில் யோசிப்பதில்லை, மூன்றில் ஒரு பங்கில்தான் யோசிக்கிறோம். அதற்கு அந்த டயல் வசதியானது.

இந்த எண்ணை எப்படி அளக்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நெகட்டிவ் ஃபிலிமின் வேகத்தை நிழல் பக்கத்தில் அளக்கிறார்கள். குறைந்த வெளிச்சத்தில் ஃபிலிமில் முதன்முதலாகத் தெளிவான தடம் விழும் இடம் எது என்று பார்த்து எண் கொடுக்கிறார்கள். ஸ்லைடுக்கு ஐஎஸ்ஓ 2240 என்று தனி விதி. வெளிச்சப் பக்கத்தில் ஒரு புள்ளி, இருட்டுப் பக்கத்தில் ஒரு புள்ளி எடுத்து, இரண்டுக்கும் நடுவைக் கணக்கிட்டு எண் வருகிறது. இதன் பொருள் என்ன? நெகட்டிவ் பெட்டியின் எண் "குறைந்தது இவ்வளவு வெளிச்சம் கொடு" என்கிறது, மேலே தாராளமாக இடம் இருக்கிறது. ஸ்லைடு பெட்டியின் எண் "நட்டநடுவில் வை" என்கிறது. மேலேயும் கீழேயும் சுவர்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய ஆட்களிடம் கேட்டால் "64-ஐ 80-ல போடுங்க தம்பி, கலர் நல்லா ஏறும்" என்பார்கள். அது கோடாக்ரோம் காலத்து அறிவுரை. 1935-ல் சினிமா ஃபிலிமாக வந்து, மறு ஆண்டே 35 மில்லிமீட்டர் ஸ்டில் கேமராவுக்கும் வந்த கோடாக்ரோமை 2009-ல் நிறுத்திவிட்டார்கள். 2010 முடிவோடு அதைக் கழுவிக் கொடுத்த கடைசி லேபும் அந்த வேலையை விட்டுவிட்டது. அதன் சாயமும் வேறு, கழுவும் முறையும் வேறு. அந்தக் கணக்கை, ஈ6 என்ற முறையில் கழுவும் இன்றைய ஸ்லைடு ஃபிலிமுக்கு அப்படியே கொண்டுவர வேண்டாம்.

இரண்டாம் படி: ஐந்து ஸ்டாப் என்றால் கண்ணுக்கு எப்படித் தெரியும்?

ஸ்லைடு ஃபிலிம் விவரத்தோடு பிடித்து வைப்பது ஏறக்குறைய ஐந்து ஸ்டாப். வெல்வியாவில் இன்னும் கொஞ்சம் குறைவு. நடுச்சாம்பலை, அதாவது மீட்டர் காட்டியபடியே எடுத்தால் வருகிற சாம்பலை, பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு ஸ்டாப் மேலே வெளிர் நிறங்கள் உட்காரும். ஒன்றரை முதல் ஒன்றே முக்கால் வரை வெள்ளைத் துணியின் நெசவு தெரியும். இரண்டில் வெள்ளை இருக்கும், நெசவு போய்விடும். இரண்டரையில் வெறும் பிளாஸ்டிக். கீழே இறங்கினால் மைனஸ் ஒன்றில் அடர்ந்த நிறம், மைனஸ் இரண்டில் இருட்டுக்குள் கொஞ்சம் வடிவம், மைனஸ் இரண்டரைக்குக் கீழே கறுப்பு.

மேல் பக்கம் ஏன் இவ்வளவு கொடூரம்? ஈ6-ல் ஃபிலிம் முதலில் போவது கறுப்புவெள்ளை டெவலப்பருக்குள். வெளிச்சம் பட்ட வெள்ளித் துகள்கள் அங்கே உலோகமாகிவிடும். வெளிச்சம் படாமல் மிச்சம் இருப்பவைதான் அடுத்து கலர் டெவலப்பரில் சாயமாக மாறும். கடைசியில் ப்ளீச்சும் ஃபிக்ஸரும் உலோக வெள்ளியை எல்லாம் கழுவித் தள்ளிவிடும். அதிக வெளிச்சம் விழுந்த இடத்தில் முதல் டெவலப்பரே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும், சாயத்துக்கு மிச்சம் எதுவும் இருக்காது. அதனால் ஓவரான ஸ்லைடில் ஹைலைட் (மிக வெளிச்சமான இடம்) "வெளுத்திருக்கிறது" என்று சொல்வதுகூட முழுக்கச் சரியில்லை. அந்த இடத்தில் படமே கிடையாது. எந்த ஸ்கேனராலும் அதை மீட்க முடியாது. அண்டரான ஸ்லைடில் சாயம் அடர்ந்து கிடக்கும். பார்க்க இருட்டாக இருந்தாலும் நல்ல ஸ்கேனரில் கொஞ்சமாவது இழுக்கலாம்.

ஆக நெகட்டிவுக்கு நிழலைப் பார்த்து அளக்கிறோம். ஸ்லைடுக்கு, விவரம் வேண்டிய பொருள்களிலேயே மிக வெளிச்சமானது எது என்று பார்த்து அளக்க வேண்டும். நிழல் என்ன ஆனாலும் ஆகட்டும். "விவரம் வேண்டிய" என்பதைக் கவனியுங்கள். எவர்சில்வர் குடத்தில் தெறிக்கும் சூரியன் வெளுக்கத்தான் வேண்டும். அதைக் காப்பாற்றப் போனால் மீதிப் படம் மூழ்கிவிடும்.

மூன்றாம் படி: உங்கள் கேமராவின் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

பெட்டியில் இருப்பது ஃபிலிமின் எண். உங்கள் கேமரா, உங்கள் மீட்டர், உங்கள் ஷட்டர் மூன்றும் சேர்ந்து அதை எப்படிப் புரிந்துகொள்கின்றன என்பது வேறு. முப்பது நாற்பது வயதான கேமராவில் 1/1000 உண்மையில் 1/700 ஆக இருந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். நெகட்டிவில் அது தெரியவே தெரியாது, ஸ்லைடில் முகத்தில் அறையும்.

முதலில் பேட்டரி. பழைய கேமராக்கள் பல 1.35 வோல்ட் மெர்க்குரி பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அது இப்போது கடையில் இல்லை. அதே அளவில் 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் வோல்டேஜைத் தானே சரிசெய்துகொள்ளாத மீட்டர்கள் தப்பாகக் காட்டும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 ஜிங்க்-ஏர் பேட்டரி 1.4 வோல்ட் கொடுக்கும். மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கும். ஒரு வளையம் சுற்றிப் போட்டால் உட்கார்ந்துவிடும். சில மாதங்களில் தீர்ந்துபோகும் என்பது மட்டும்தான் குறை.

அடுத்து வெயிலை வைத்தே ஒரு சோதனை. வானம் சுத்தமாக இருந்து, தரையில் உங்கள் நிழலின் ஓரம் கத்தி வைத்து வெட்டியதுபோல் இருக்கும்போது, சூரியன் முதுகுப் பக்கம் இருக்க, ஐஎஸ்ஓ 100-க்கு எஃப் 16-ல் 1/100 என்பது பொதுக் கணக்கு. 1/125-ல் வைத்தால் மூன்றில் ஒரு ஸ்டாப் குறையும், ஸ்லைடுக்கு அது நல்லதுதான். அந்த வெயிலில் கிரே கார்டை (நடுச்சாம்பல் நிற அட்டை) பிடித்து மீட்டரைப் பாருங்கள். அரை ஸ்டாப்புக்குள் ஒத்துப்போனால் சரி. ஒன்றரை ஸ்டாப் தள்ளிக் காட்டினால் ரோலை மாட்டாதீர்கள். முதலில் மெக்கானிக்.

அப்புறம் ஒரு ரோலைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். ஸ்லைடு ரோல் விற்கும் விலையில் வயிறு எரியும், தெரியும். ஆனாலும் இந்த ஒரு ரோல் பின்னால் பல ரோல்களைக் காப்பாற்றும். வீட்டில் ஒருவரை உட்கார வையுங்கள். தோளில் மடித்த வெள்ளைத் துண்டு, கையில் கறுப்புக் குடை, மடியில் கிரே கார்டு. காலை ஒன்பது பத்து மணி வெயில். மீட்டரை எப்போதும் கிரே கார்டில் மட்டும் காட்டுங்கள். கேமராவின் ஐஎஸ்ஓ டயலை 50, 64, 80, 100, 125, 160, 200 என்று மாற்றி மாற்றி ஒவ்வொரு ஃப்ரேம் எடுங்கள். எண்ணை ஒரு அட்டையில் பெரிதாக எழுதி ஃப்ரேமுக்குள்ளேயே வைத்துவிட்டால் பின்னால் குழப்பம் இல்லை. டயலில் எண் குறைந்தால் ஃபிலிமுக்கு வெளிச்சம் கூடும், எண் கூடினால் வெளிச்சம் குறையும். இதைத் தலைகீழாக நினைவில் வைத்திருப்பவர்கள் நிறைய பேர். இதே வரிசையைத் திண்ணை நிழலில் ஒருமுறை, மேகம் மூடியபோது ஒருமுறை எடுங்கள்.

மிச்சம் இருக்கும் ஃப்ரேம்களில் ஷட்டரைச் சோதியுங்கள். எஃப் 16-ல் 1/125, எஃப் 11-ல் 1/250, எஃப் 8-ல் 1/500, எஃப் 5.6-ல் 1/1000. நான்கும் ஒரே வெளிச்சம், நான்கு ஸ்லைடும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கடைசி மட்டும் வெளுத்திருந்தால் அந்த வேகத்தை ஸ்லைடுக்குப் பயன்படுத்தாதீர்கள், அவ்வளவுதான்.

ரோல் திரும்பி வந்ததும் லைட் டேபிளில் பரப்பி, துண்டின் மடிப்பில் நெசவு தெரிகிற, அதே சமயம் முகம் மூழ்காத ஃப்ரேமைத் தேடுங்கள். அதில் எழுதியிருக்கும் எண்தான் உங்கள் ரேட்டிங். வெல்வியா 50-ஐ 40-ல் வைத்து எடுப்பவர்கள் ஏராளம். அந்த ஃபிலிமின் கான்ட்ராஸ்ட் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்குமான வித்தியாசம்) அதிகம், நிழல் சட்டென்று கறுத்துவிடும் என்பதுதான் காரணம். என் அபிப்பிராயத்தில் சும்மா ஃப்ரேம் முழுக்க அளக்கிற மீட்டருக்கு 40 பொருந்தும். ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில் ஹைலைட்டை அளந்து வைப்பவர்களுக்கு 50-ஐ மாற்றக் காரணம் இல்லை. அடுத்தவர் எண்ணைக் கடன் வாங்குவதால் ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் அவர் மீட்டரை எங்கே காட்டுகிறார் என்பதும் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது.

டிஎக்ஸ் கோடு உள்ள கேமராக்கள் டப்பாவில் உள்ள கட்டங்களைப் படித்துத் தானே எண் வைத்துக்கொள்ளும். ஐஎஸ்ஓ டயலே இல்லாத மாடல் என்றால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (மீட்டர் சொன்னதைக் கூட்டிக் குறைக்கும் வசதி) வைத்து மாற்றுங்கள். டயலையும் மாற்றி, காம்பன்சேஷனையும் போட்டால் இரண்டு தரம் மாற்றியதாகிவிடும்.

நான்காம் படி: ஜவ்வரிசிக் களத்தில் ஒரு கணக்கு

மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை 18 சதவீதச் சாம்பல் என்றே நினைத்துக்கொள்ளும். வெள்ளையைக் காட்டினால் சாம்பலாக்கும், கறுப்பைக் காட்டினாலும் சாம்பலாக்கும். இதை ஒரு காட்சியில் வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும்.

சேலம் பக்கத்து சேகோ ஃபேக்டரி ஒன்றில் சிமெண்டுக் களம் முழுக்க ஜவ்வரிசி பரப்பியிருக்கிறார்கள். ஒரு அம்மா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மரப்பலகையால் கிளறி விடுகிறார். ஐஎஸ்ஓ 100 ஃபிலிம், ஷட்டர் 1/250. ஜவ்வரிசியை மட்டும் ஸ்பாட்டில் அளந்தால் எஃப் 22 என்று வருகிறது. அப்படியே எடுத்தால் களம் சாம்பல் மண்ணாகிவிடும், அந்த அம்மா நிழலுருவம் ஆகிவிடுவார். ஜவ்வரிசி வெள்ளையாக வர வேண்டும், மணி மணியாகவும் தெரிய வேண்டும். அதற்கு அதை நடுவிலிருந்து ஒன்றே முக்கால் ஸ்டாப்புக்குச் சற்றுக் குறைவாக, அதாவது ஒன்றும் மூன்றில் இரண்டும் மேலே வைக்க வேண்டும். எஃப் 22-லிருந்து அவ்வளவு திறந்தால் எஃப் 13 வருகிறது. அப்பர்ச்சர் வளையத்தில் 11-க்கும் 16-க்கும் நடுவே, 11-ஐ ஒட்டி. இப்போது வெயில் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நேர் வெயிலுக்கு எஃப் 11-ல் 1/250 வரும். நாம் அதிலிருந்து மூன்றில் ஒரு ஸ்டாப் மட்டும் மூடியிருக்கிறோம். வெயில் கணக்கை அப்படியே வைத்திருந்தால் ஜவ்வரிசி சரியாக இரண்டில் விழுந்து மணிகள் கரைந்திருக்கும்.

அந்த அம்மாவின் முகம் என்ன ஆகும்? வெயில் படும் கன்னம் எஃப் 10 காட்டினால் நம் எஃப் 13-க்கு அது மைனஸ் மூன்றில் இரண்டு. நம் ஊர் நிறத்துக்கு அது சரியான இடம். வெள்ளைக்காரர்கள் எழுதிய பழைய கையேடுகளில் "முகத்தை அளந்து ஒரு ஸ்டாப் திற" என்று இருக்கும். அவர்கள் முகத்துக்கு அது சரி. நம் முகங்கள் பெரும்பாலும் நடுவிலோ அதற்குக் கொஞ்சம் கீழேயோதான் உட்காரும், ஒரு ஸ்டாப் திறந்தால் பவுடர் பூசிய மாதிரி ஆகிவிடும். கிரே கார்டு இல்லாதபோது உள்ளங்கையை அளக்கலாம். நிறம் எதுவானாலும் உள்ளங்கை ஆளுக்கு ஆள் அவ்வளவாக மாறுவதில்லை. உங்கள் உள்ளங்கை கிரே கார்டைவிட எவ்வளவு வெளிர் என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், பலருக்கு முக்கால் ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரும்.

துண்டு மறைத்த நெற்றியும் கண்களும் மூன்று ஸ்டாப் கீழே போய்விடும் என்பதுதான் தீராத தொல்லை. அதற்கு ஃபிலிமில் மருந்து கிடையாது, நேரத்தில்தான் இருக்கிறது. களத்து மேஸ்திரி ஒருவர் என்னிடம் சொன்னதைவிட நன்றாக எந்தப் புத்தகமும் சொல்லாது: "பத்து மணிக்கு மேல எங்களுக்கே கண்ணு கூசுது, உங்க மெசினுக்கு மட்டும் கூசாதாங்க? வெள்ளன வாங்க." ஏழரை மணிச் சாய்ந்த வெயிலில் முகத்துக்குள் வெளிச்சம் போகும். ஜவ்வரிசிப் பரப்பே கீழிருந்து வெளிச்சத்தைத் திருப்பியும் அடிக்கும்.

வெள்ளைக்கல் குவியலுக்கும் இதே கணக்குதான். ஆங்கிலேயர் சுண்ணாம்புக் குன்றுகள் என்று பெயர் வைத்தார்கள். உண்மையில் அது மேக்னசைட். சுரங்கப் பகுதிக்குள் அனுமதி இல்லாமல் நுழைய வேண்டாம், தூரத்திலிருந்தே டெலி லென்ஸில் கிடைக்கும். பின்னால் சேர்வராயன் மலை நீலமாக நிற்கும், அதைக் கண்டுகொள்ளாதீர்கள். குவியலை மட்டும் அளந்து ஒன்றரை மேலே வையுங்கள். மலை தானாக மைனஸ் ஒன்று பக்கம் போய் அடர் நீலமாகும்.

ஐந்தாம் படி: மலை மேலே

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போனால் சுமார் 1500 மீட்டர் உயரம், வெளிச்சத்தின் குணமே மாறிவிடும். நிழலில் நீலம் கூடும். ஸ்லைடு ஃபிலிம் பகல் வெயிலுக்காகச் செய்தது, திறந்த நிழலில் எடுத்தால் முகங்கள் நீலம் பூத்து வரும். 81ஏ ஃபில்டர் ஒன்று பையில் இருக்கட்டும், மூன்றில் ஒரு ஸ்டாப் குடிக்கும்.

ஸ்லைடுக்கு மலையில் மிக எளிதான பொருள் பனிமூட்டம் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். மார்கழிக் காலையில் ஒண்டிக்கடை ரவுண்டானாவில் நின்று பாருங்கள். மிக வெளிச்சமான இடத்துக்கும் மிக இருட்டான இடத்துக்கும் நடுவே இரண்டு மூன்று ஸ்டாப்தான் இருக்கும். ஐந்து ஸ்டாப் ஃபிலிமுக்கு அது தாராளம். மூட்டத்தையே அளந்து முக்காலோ ஒன்றோ மேலே வைத்தால் போதும். அளந்தபடியே எடுத்தால் மூட்டம் அடுப்புப் புகையாக வரும்.

காப்பித் தோட்டம் இதற்கு நேர் எதிர். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் கொண்டுவந்த பயிர் இன்றும் இந்த மலையின் அடையாளம். கோடை மழை ஒன்று பெய்தால் மார்ச், ஏப்ரலில் செடி முழுக்க வெள்ளைப் பூ. மேலே சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக்கொடி, நடுவே விழும் வெயில் பொட்டுகள். ஐஎஸ்ஓ 100-ல் 1/250-க்கு வெயில் பட்ட பூவை அளந்தால் எஃப் 22, அடியில் நிழல் இலையை அளந்தால் எஃப் 2. ஏழு ஸ்டாப். எந்த ஸ்லைடு ஃபிலிமும் இதை விழுங்காது. பிராக்கெட் போட்டும், அதாவது ஒரே காட்சியை வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் பல ஃப்ரேம் எடுத்தும், பயனில்லை. ஒரு ஃப்ரேமில் பூ இருக்கும், இன்னொன்றில் இலை இருக்கும், இரண்டும் சேர்ந்து எதிலும் இருக்காது. ஒரு மேகம் வரும்வரை காத்திருங்கள். மேகம் மூடியதும் பூ எஃப் 8-க்கு இறங்கும், இலை எஃப் 2-லேயே நிற்கும். நான்கு ஸ்டாப். பூவை ஒன்றும் மூன்றில் இரண்டும் மேலே வைத்தால் இலை மைனஸ் இரண்டேகாலுக்குப் பக்கத்தில் விழும். கறுத்திருந்தாலும் உருவம் தெரியும். காப்பி இலை மினுக்கென்று பளபளப்பது, போலரைசர் போட்டுத் திருப்பினால் அந்தப் பளபளப்பு அடங்கிப் பச்சை வெளியே வரும். ஆனால் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் போய்விடும். ஐஎஸ்ஓ 50 ஃபிலிமில் டிரைபாட் இல்லாமல் நடக்காது. கிளியூர் அருவிக்கும் டிரைபாட்தான். தண்ணீரை அளந்து ஒன்றரை மேலே, பாறை என்ன ஆனாலும் சரி.

லேடீஸ் சீட்டில் சாயங்காலம் நின்றால் கீழே மலைப்பாதை வளைவுகளும் சேலம் நகரமும், மேலே சிவந்த வானமும். வானத்தையும் பள்ளத்தாக்கையும் தனித்தனியே அளங்கள். வானம் 1/30-ல் எஃப் 11, பள்ளத்தாக்கு எஃப் 4 என்றால் வித்தியாசம் மூன்று ஸ்டாப். ஃபில்டரே வேண்டாம். எஃப் 6.7-ல் வைத்தால் வானம் ஒன்றரை மேலே, பள்ளத்தாக்கு ஒன்றரை கீழே. இரண்டும் உயிரோடு இருக்கும். வித்தியாசம் நாலரை, ஐந்து என்று ஏறும்போதுதான் பாதி கறுத்த கிராஜுவேட்டட் ஃபில்டர் வேண்டும். இரண்டு ஸ்டாப் ஒன்று வாங்கினாலே பெரும்பாலும் போதும். மூன்று ஸ்டாப் ஃபில்டரில் வானம் நிலத்தைவிட இருட்டாகிப் பொய்யாகத் தெரியும். பகோடா பாயிண்ட் கிழக்குப் பக்கம், விடியற்காலையில் அங்கேயும் இதே வேலை.

ஆறாம் படி: இருட்டிய பிறகு

நகரத்து விளக்குகள் எரிந்து, வானத்தில் இன்னும் நீலம் மிச்சம் இருக்கும் அந்த இருபது முப்பது நிமிடம்தான் இரவுப் படத்துக்கு நேரம். ஷட்டர் நொடிக்கணக்கில் நீளும்போது ஃபிலிம் தன் பெட்டி எண்ணை மறந்துவிடும். பாதி வெளிச்சத்துக்கு இரட்டிப்பு நேரம் என்ற கணக்கு அங்கே உடைகிறது. இதைத்தான் ரெசிப்ராசிட்டி ஃபெயிலியர் என்கிறார்கள். இதில் ஃபிலிமுக்கு ஃபிலிம் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

வெல்வியா 50 ஒரு நொடி வரை சொன்னபடி நடக்கும். 4 நொடிக்கு மூன்றில் ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும், 8 நொடிக்கு அரை, 16 நொடிக்கு மூன்றில் இரண்டு, 32 நொடிக்கு ஒன்று. 64 நொடி வேண்டாம் என்று தயாரித்தவர்களே சொல்லிவிட்டார்கள். கூடவே நிறமும் பச்சைப் பக்கம் சாயும், அதற்கு மெஜந்தா ஃபில்டர் சொல்லியிருக்கிறார்கள். எக்டாக்ரோம் ஈ100-க்கு 10 நொடி வரை ஒன்றும் தேவையில்லை. புரோவியா 100எஃப் 128 நொடி வரை அசையாது. இரவுக்கு என்றால் நான் யோசிக்காமல் புரோவியாவைத்தான் சொல்வேன்.

வெல்வியாதான் கேமராவில் இருக்கிறது என்றால், மீட்டர் எஃப் 8-ல் 8 நொடி கேட்கும்போது நேரத்தை நீட்டாமல் அப்பர்ச்சரை அரை ஸ்டாப் திறங்கள். நேரத்தை நீட்டினால் ஃபிலிம் இன்னும் கொஞ்சம் சோர்ந்துபோகும், அதற்கும் கூட்ட வேண்டிவரும். வானத்தை அளந்து அரை முதல் ஒரு ஸ்டாப் கீழே வையுங்கள். நடுவில் வைத்தால் இரவு பகலாகிவிடும். கீழே மினுக்கும் விளக்குகள் வெளுப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். கேபிள் ரிலீஸ் மறக்காதீர்கள். காற்று அடிக்கும் இடம் அது, டிரைபாடில் பையைத் தொங்கவிடுங்கள்.

ஏழாம் படி: எண்ணை வேண்டுமென்றே மாற்றுவது

ஐஎஸ்ஓ 100 ரோலை 200-ல் வைத்து எடுத்துவிட்டு, லேபில் "ஒரு ஸ்டாப் புஷ்" என்று சொல்லலாம். அவர்கள் செய்வது முதல் டெவலப்பரில் கூடுதல் நேரம் வைப்பது மட்டும்தான். வழக்கமாக 38 டிகிரி செல்சியஸில் ஆறு நிமிடம், புஷ் என்றால் எட்டு நிமிடம் பக்கம். பலன் உண்டு, விலையும் உண்டு: கான்ட்ராஸ்ட் ஏறும், ஐந்து ஸ்டாப் இன்னும் சுருங்கும், கறுப்பு கொஞ்சம் சாம்பலாகும். எனவே வெயிலில் புஷ் செய்வது வீண். மூட்டமும் மழையுமான நாளில், கான்ட்ராஸ்டே இல்லாத காட்சியில் புஷ் செய்தால் படத்துக்கு உயிர் வரும். நான் புஷ் செய்யச் சொல்வது அந்த ஒரு இடத்தில் மட்டும்தான். புல் செய்வது இதற்கு எதிர், நிறம் சோகை பிடிக்கும்.

ஒரு ரோலுக்கு ஒரே ரேட்டிங். பாதி ரோல் 100, பாதி ரோல் 200 என்று எடுத்தால் லேப் எதைக் காப்பாற்றும்? டப்பாவிலேயே மார்க்கரில் "200, புஷ் 1" என்று எழுதிவிடுங்கள். கவரில் எழுதியது தனியே போய்விடலாம்.

பிராக்கெட் பற்றி ஒரு வார்த்தை. முழு ஸ்டாப்பில் மூன்று ஃப்ரேம் எடுத்தால் ஒன்று சரி, இரண்டு குப்பை. கணக்குப்படி ஒன்று, அதற்கு அரை ஸ்டாப் கீழே ஒன்று, போதும். மேல் பக்கம் பிராக்கெட் செய்வது பனிமூட்டத்தில் மட்டும்.

எட்டாம் படி: வெயிலில் ரோலை வைத்துக்கொள்வதும், வந்ததைப் படிப்பதும்

ஏப்ரல், மே மாதச் சேலத்தில் நிறுத்திய காரின் டாஷ்போர்டில் ரோலை வைத்தால் நீங்கள் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த எண் அங்கேயே மாறிப்போகும். சூட்டில் வேகமும் நிறமும் இரண்டுமே நகரும். வாங்கியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள், எடுக்கப் போகும்முன் ஒன்றிரண்டு மணி நேரம் வெளியே வைத்து, டப்பாவின் மூடியைத் திறக்காமல் சூடேற விடுங்கள். இல்லாவிட்டால் ஃபிலிமில் வேர்க்கும். காலாவதியான ஸ்லைடு ரோலை மலிவாக வாங்கி, நெகட்டிவுக்குச் செய்வதுபோல் ஒரு ஸ்டாப் ஓவர் கொடுத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். வேகம் மட்டும் குறைவதில்லை, கறுப்பும் நிறமும் சேர்ந்து போகின்றன.

ஈ6 கழுவும் லேப்கள் இன்று குறைவு, பெரும்பாலும் கூரியரில்தான் அனுப்ப வேண்டும். எடுத்த ரோலை மாதக்கணக்கில் வைத்திருக்காமல் அனுப்புங்கள். விமானத்தில் போவதானால் கைப்பையில் வைத்து, ஸ்கேனரில் விடாமல் கையால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். புதிய சிடி வகை ஸ்கேனர்கள் ஃபிலிமைப் புகையேற்றிவிடும்.

ரோல் வந்ததும் முதலில் ஸ்கேன் செய்யாதீர்கள். ஸ்கேனர் தானே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துக் காட்டும், உங்கள் எக்ஸ்போஷர் சரியா தப்பா என்று தெரியாது. 5000 கெல்வின் லைட் டேபிளில் லூப் (சிறு பூதக்கண்ணாடி) வைத்துப் பாருங்கள். ஃப்ரேமுக்கு வெளியே இருக்கும் ஓரம் நல்ல கறுப்பாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது சாம்பலாகவோ நிறம் ஏறியோ இருந்தால் கோளாறு உங்கள் மீட்டரில் இல்லை, ஃபிலிமிலோ கழுவியதிலோ இருக்கிறது. அது சரி என்றால், விவரம் வேண்டிய வெள்ளையைப் பாருங்கள். ரோல் முழுக்க வெள்ளை கரைந்திருந்தால் உங்கள் எண்ணை மூன்றில் ஒரு ஸ்டாப் ஏற்றுங்கள், 100 என்பது 125 ஆகட்டும். ஒன்றிரண்டு ஃப்ரேமில் மட்டும் கரைந்திருந்தால் எண்ணைத் தொடாதீர்கள். அந்தக் காட்சியில் மீட்டரை எங்கே காட்டினீர்கள் என்று குறிப்பேட்டில் பாருங்கள். லைட் டேபிளில் சற்று அடர்ந்து தெரியும் ஸ்லைடு புரொஜெக்டரில் நன்றாக இருக்கும். ஸ்கேனுக்கு மட்டும் எடுப்பவர்கள் அதைவிட ஒரு இழை வெளிச்சமாக எடுக்கலாம்.

ரேட்டிங், எஃப், ஷட்டர் மூன்றையும் மவுண்டின் ஓரத்திலேயே எழுதி வையுங்கள். அட்டை மவுண்டுக்குப் பென்சில், பிளாஸ்டிக்குக்கு மெல்லிய மார்க்கர்.